பனிப்பூச்சிக் காய்ச்சல்

கோணமட்டத்தில் கொசு கிடையாது என்று மலையடிவாரத்திலேயே பலகை வைத்திருந்தோம், மஞ்சள் எழுத்தில், கொசுப் படத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறியும் போட்டு; அதைப் பார்த்துத்தான் வெயிலில் வெந்துபோன கீழ்நாட்டு ஜனங்கள் வேன் பிடித்து, பிள்ளைகுட்டிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்தபடி எங்கள் ஊருக்கு ஏறி வந்தார்கள்; ஆகவே கொசு வந்தபோது அதைக் கொசு என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அது எப்படி வந்தது என்று யாரும் தோண்டித் துருவவில்லை. சில வருஷங்களாகவே மார்கழியில் புல்லின் மேல் உறைபனி விழுவது நின்றுபோயிருந்தது, எலக்ட்ரிக் கடையில் ஊரின் முதல் மின்விசிறி விற்றபோது அது சுற்றுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது, ஸ்வெட்டர் விற்கும் நேபாளத்துக்காரர்கள் வெயில் கண்ணாடி விற்கத் தொடங்கினார்கள், அப்படியிருக்கையில் பழைய டயர் ஏற்றிவந்த ஏதோ ஒரு லாரியில், கறுப்புக் காலில் வெள்ளை வளையம் போட்ட அந்தச் சின்னப் பிராணி வந்து இறங்கி, எந்த லாட்ஜிலும் பெயர் பதியாமல் எல்லா லாட்ஜிலும் தங்கிவிட்டது. லாட்ஜ்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்த சீசன் கமிட்டி அவசரமாகக் கூடியது. இது பனியில் பிறக்கிற ஒருவகைப் பூச்சி, இதைப் பனிப்பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும், கொசுவர்த்தியோ வலையோ விற்கிற கடைக்காரன் ஊரைக் காட்டிக்கொடுக்கிறவன் என்று தீர்மானம் போட்டார்கள். கமிட்டித் தலைவர் ஜெகவீரன், மலையிலேயே பெரிய லாட்ஜுக்குச் சொந்தக்காரர், வீடும் அதிலேயே, ஊரில் முதலாளி என்றால் அவர்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே தன் புறங்கையில் பட்டென்று ஒன்றை அடித்து, நசுங்கிய ரத்தத்தைக் கோட்டில் தேய்த்துக்கொண்டு, "நம்ம ஊர்ல அந்த எழவெல்லாம் கிடையாதுய்யா" என்றார். நாங்கள் கைதட்டினோம். தட்டிய கைகளுக்கு நடுவே இன்னும் சில செத்தன.

முதலில் காய்ச்சலில் விழுந்தவள் பஸ் ஸ்டாண்டில் பேரிக்காய் விற்கும் வெள்ளைத்தாய். எலும்பெல்லாம் முறிகிறாற்போல வலிக்கிறது என்று சாக்கின் மேல் சுருண்டு படுத்தவள், கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தபோது, உள்ளேயிருந்து தடித்த ஆண் குரல் ஒன்று வந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ கடற்கரை ஊரைப் பற்றியும், தன் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பற்றியும், தண்டச்சோறு தின்னும் மருமகனைப் பற்றியும் ஓயாமல் புலம்பியது. இதில் திகைக்க என்ன இருக்கிறது, பங்குனித் திருவிழாவில் எத்தனையோ பேர் மேல் எத்தனையோ சாமி வந்து எத்தனையோ குரலில் பேசியிருக்கிறது. தட்டு வைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒருவர் பணிந்து கேட்டார். "மொதல்ல அந்த ஏசியை ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க" என்றது சாமி. அவர் வீட்டில் ஏசி கிடையாது, ஆனாலும் போய் ஒன்று வாங்கி மாட்டினார்.

பிறகு பஸ் கண்டக்டர் ஒருவர் தேனிலவுக்கு வந்துபோன புதுப்பெண்ணின் குரலில் மாமியாரைத் திட்டினார். தேவாலயத்துக் கோயில்பிள்ளை ஒருவர் ஜெபத்தின் நடுவே வெள்ளைத்தாயின் குரலில் "பழம் அழுகுனா நான் என்ன செய்ய, எடுத்துட்டுப் போங்க சாமி" என்று கூவினார். அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது. பூச்சி ஒருவரைக் குடித்துவிட்டு அடுத்தவரைக் குத்தும்போது, ரத்தத்தோடு அந்த முந்தைய ஆளின் குரலும், அந்தக் குரல் உள்ளுக்குள் மென்று முழுங்கிக்கொண்டிருந்த பேச்சும் சேர்ந்து வந்துவிடுகிறது. காய்ச்சல் இருக்கும்வரை இருந்துவிட்டு, காய்ச்சலோடு போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம். பால் கறக்கிறவர் பால் கறந்தார், கேரட் மூட்டை ஏற்றுகிறவர் ஏற்றினார், யார் வாயில் யார் குரல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது டீக்கடையில் பொழுதுபோக்காகிவிட்டது.

சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஹபீபா கமிட்டிக்கு வந்து நின்று, "குரல் மாறுறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, இது டெங்கு, இதுல உசுரு போகும்" என்றாள். "காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிம்மதியாகுற நேரத்துலதான் பார்த்துக்கணும். வயித்து வலி, ஈறுல ரத்தம்னா உடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இன்னொண்ணு, இந்தக் கொசு சாக்கடையில முட்டை போடாது, நல்ல தண்ணியிலதான் போடும். உங்க லாட்ஜ் வாசல் பூரா அல்லித் தொட்டி வெச்சிருக்கீங்களே, அதையெல்லாம் கவுத்துங்க."

அந்த அல்லித் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு கல்தொட்டி, அதில் ஊற்றுத் தண்ணீர், ஒரு அல்லிப்பூ. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் குந்தி படம் எடுத்துக்கொள்ளாமல் மலையிறங்குவதில்லை. ஜெகவீரன் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "கொசுன்னு சொல்லாதீங்கம்மா, பனிப்பூச்சி. எங்க தொட்டியில இருக்கறது ஊத்துத் தண்ணி. நான் குடிப்பேன், பார்க்கறீங்களா?" என்று பக்கத்துத் தொட்டியில் கைவிட்டு இரண்டு கை அள்ளிக் குடித்தார். குடித்து நிமிர்ந்தபோது அவர் மீசை ஓரத்தில் ஒரு புழு வாலை ஆட்டி ஆட்டி நெளிந்துகொண்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவர் நாக்கை நீட்டி மீசையைத் துழாவி அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் ஜெகவீரன் மனைவி கமலவேணியையும் படுக்கையில் தள்ளியது. பட்டுப்புடவையும் வைரமூக்குத்தியுமாகப் படுத்திருந்த அந்த அம்மாளின் வாயிலிருந்து, லாட்ஜில் கக்கூஸ் தொட்டி எடுக்கிற சேவுகனின் கரகரத்த குரல் வந்தது. "அடைப்பு எடுத்தாச்சுங்க தாயி, கை கழுவ ஒரு சொம்பு தண்ணி மட்டும் ஊத்துனீங்கன்னா போதும், தூரத்துல நின்னே ஊத்துங்க" என்றது அந்தக் குரல். வீடே விறைத்துப்போனது. மஞ்சளும் துளசியும் கரைத்து அவள் நாக்கைக் கழுவினார்கள், அந்தக் குரலில் கேட்ட தண்ணீரை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. ஜெகவீரன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். "ஏங்க, என்னைய ஏங்க தொடமாட்டேங்கறீங்க" என்று அவள் சேவுகனின் குரலிலேயே அழுதாள், அந்த அழுகையைக் கேட்டு வேலைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில், பின்கட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிற மரியபுஷ்பம்தான் உள்ளே போய் உடம்பைத் துடைத்துவிட்டு, வாயில் கஞ்சி ஊற்றினாள். கமலவேணி பிழைத்துக்கொண்டாள், சொந்தக் குரலும் திரும்பியது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் ஜெகவீரன், "வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து பேசு" என்பார்.

அன்றையிலிருந்து சாவைப் பற்றிய பயம் ஊரைவிட்டே போய்விட்டது. லாட்ஜ் அறைகளில் இரண்டொருவர் செத்தார்கள்தான், ஓசையில்லாமல் கீழே கொண்டுபோனார்கள்தான், அதையெல்லாம் பேச யாருக்கு நேரம் இருந்தது. தங்கள் வாய்க்குள் யார் வந்து உட்கார்ந்துகொள்வார்களோ என்பதுதான் ஊரின் கவலை. தேவாலயத்தில் அதற்காக ஜெபித்தார்கள், கோயிலில் அதற்காகப் பால் ஊற்றினார்கள், பெரிய மனிதர்கள் தங்களைக் கடித்த பூச்சியை அடித்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று அதன் நசுங்கிய வயிற்றை முகர்ந்து பார்த்தார்கள். தூ, என்ன ஜென்மங்கள். ரத்தத்தில் வாடை பார்க்கிற மனிதர்களை நாய்கூட மதிக்காது.

கமிட்டி மறுபடி கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. துப்புரவு செய்கிறவர்கள், துவைக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் குடியிருக்கிற கீழ்லைன் முழுவதையும் ஒரே வலையால் மூடிவிடுவது. அவர்கள் ரத்தம் மேலே ஏறி வராமல் இருக்க அதுதான் ஒரே வழி. பந்தல்காரர் ஒருவரைப் பிடித்து, கொசுவலை என்று சொல்லாமல் பழமரத்துக்கு என்று சொல்லி, ஒரு பெரிய வலையைத் தைத்தெடுத்து, யூகலிப்டஸ் கம்பம் நட்டு, கூரைகளுக்கும் குழாயடிக்கும் மாதா சொரூபம் வைத்த கெபிக்கும் மேலே இழுத்துக் கட்டி, ஓரத்தில் ஆள் போய்வர ஜிப் வைத்த வாசலும் வைத்தார்கள். காலையில் ஜிப்பைத் திறந்துகொண்டு எல்லோரும் மேலே வேலைக்கு வந்தார்கள், சாயங்காலம் உள்ளே போய் ஜிப்பைச் சாத்திக்கொண்டார்கள். சாக்கடை ஓடுகிற கீழ்லைனுக்கு வலை போட்டாயிற்று. ஊற்றுத் தண்ணீர் நிறைந்த அல்லித் தொட்டிகள் மேலே திறந்தே கிடந்தன, வாடகை அறைகளுக்கு அழகு சேர்த்துக்கொண்டு, நெளிந்துகொண்டு.

வலைக்குள் காய்ச்சல் குறைந்துபோனது, மேலே கொள்ளை கொள்ளையாகப் பெருகியது. வலைக்குள் இருக்கிற ஜனங்கள் காலை நீட்டித் தூங்குகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, அந்த நாற்றத்துக்குப் பூச்சிகூடப் போகாது என்று மேலே இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படிச் சொன்ன மளிகைக்கடைக்காரர் மறுவாரமே ஒரு மூட்டை தூக்குகிறவரின் குரலில் தன் கடையிலேயே கடன் கேட்டுக் கெஞ்சினார். அவர் மகன் இல்லை என்று சொல்லிவிட்டான்.

மரியபுஷ்பத்துக்கு ஒரே மகள், அமலி. புருஷன் கேரட் லாரி கவிழ்ந்து செத்தபின் அவளுக்கு இருந்ததெல்லாம் இந்தப் பெண் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டால் நேராக லாட்ஜின் பின்கட்டுக்கு வந்து, துவைகல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள், எழுதிக்கொண்டே பேசுவாள். கொஞ்சம் அடைத்தாற்போன்ற சன்னக் குரல், எதைச் சொன்னாலும் கடைசியில் கேள்வி கேட்கிற மாதிரி உயர்ந்து நிற்கும். அம்மாவைக் கூப்பிட்டால் "எம்மோவ்" என்று இழுப்பாள், அந்த இழுப்பைக் கேட்டால் விரிப்பு பிழிகிற மற்றப் பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பின்கட்டுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் ஜெகவீரன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். ஒரு பூச்சி அவர் காதோரம் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துவிட்டு, கனத்துப்போய்த் தாழப் பறந்து, அமலியின் கணுக்காலில் வந்து உட்கார்ந்தது. மேலேயிருந்து வருகிறதைத் தடுக்க எந்தக் கமிட்டியும் வலை கட்டவில்லை.

காய்ச்சல் வந்து படுத்த பெண் கண்ணைத் திறக்காமல், "யாருடி அங்க? காப்பி கொண்டாரச் சொல்லி எந்நேரம் ஆச்சு?" என்று ஜெகவீரனின் குரலில் அதட்டியபோது, மரியபுஷ்பம் அடுப்பை விட்டு வெடுக்கென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இந்தா வந்துட்டேங்க முதலாளி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் நிற்பது சொந்தப் பிள்ளையின் பாய் முன்னால் என்று உறைத்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த வாய் பேசிக்கொண்டே போனது. "மாடி ரூம்ல செத்தவனைப் பின்வாசல் வழியா எறக்குங்க, மாரடைப்புன்னு சொல்லிக்கலாம். தொட்டியில புழு நெளியறது எனக்கென்ன தெரியாதா? மலர்க் கண்காட்சி முடியட்டும், கவுத்துக்கலாம்." வாசலில் கூடி நின்ற கீழ்லைன் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஹபீபா வந்து பார்த்தபோது அமலிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, குரல் மட்டும் விடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள், ஈறில் ரத்தம் கசிந்தது. "ஒரு நிமிஷம்கூட இங்க வெச்சிருக்காதீங்கக்கா, கீழ கொண்டுபோங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் பேசிடறேன்" என்றாள். மலர்க் கண்காட்சி தொடங்கியிருந்தது, ஆம்புலன்ஸை அதன் விருந்தாளிகளுக்காகக் கண்காட்சி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கீழ்லைனில் ஜீப் ஓட்டுகிற செபஸ்தி தன் வண்டியைக் கிளப்பினான். அதற்குள் செய்தி மேலே போய்விட்டது, அந்தப் பெண்ணின் வாயில் யார் குரல் இருக்கிறது, என்ன பேசுகிறது என்பது உட்பட. வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வந்து நிற்கிற, கண்காட்சிக்குப் பூவால் கட்டிய வளைவைத் தாண்டித்தான் மலைப்பாதைக்குப் போக வேண்டும். கண்காட்சி முடிகிறவரை கீழ்லைன் வண்டி எதுவும் செக்போஸ்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, ஜெகவீரன் தானே கிளம்பி, செண்டு தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, வலையின் ஜிப் வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஏ புஷ்பம், எதுக்கு இப்பப் பதறுற? பிள்ளைக்கு வைத்தியம் இங்கயே பார்க்கச் சொல்றேன். ரெண்டு நாள் பொறு, நானே கார் தர்றேன்."

"தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க முதலாளி. வாயில ரத்தம் வருது. விட்ருங்க, உங்க கால்ல விழுந்து கும்புடறேன்."

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? எம் புள்ளை மாதிரிதானே அது?"

வீட்டுக்குள்ளிருந்து, பாயிலிருந்து, அதே குரல் நிதானமாகப் பதில் சொன்னது. "செத்தாச் சாகட்டும். கீழ்லைன் கழுதைதானே. கண்காட்சி கெட்டா நஷ்டத்தை யாரு குடுக்கறது?"

கீழ்லைன் மொத்தமும் அவரைப் பார்த்தது. ஜெகவீரனின் முகம் செத்த மீன் மாதிரி ஆனது. "அது நான் இல்லை" என்றார், யாரும் கேட்காமலே. அவர் திரும்பும்போது அமலியின் பாயிலிருந்து கிளம்பிய ஒரு பூச்சி, திறந்திருந்த ஜிப் வாசல் வழியாக அவர் பின்னாலேயே போனது. ரோட்டுக்குப் போனதும் அவர் பாட்டில் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார், அப்படிக் குனிந்திருந்தபோது அது அவர் பிடரியில் உட்கார்ந்துகொண்டது.

மரியபுஷ்பம் யாரிடமும் கேட்கவில்லை. மகளைக் கம்பளியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறினாள். செக்போஸ்டில் கட்டை இறங்கியிருந்தது, காவலுக்கு நின்றவர்கள் கையை நீட்டி மறித்தார்கள், செபஸ்தி எவ்வளவோ சொல்லியும் தலையாட்டி மறுத்தார்கள். அவள் குனிந்து மகளின் காதில், "அமலி, அம்மாடி, கேட்டைத் திறக்கச் சொல்லு கண்ணு" என்றாள். அந்தப் பிள்ளை எந்த ஆழத்தில் கிடந்ததோ, அம்மா சொன்னது அங்கே போய் எட்டியது.

"டேய், என்னடா வேடிக்கை பார்க்கறீங்க? கேட்டைத் திறங்கடா!"

காவலாளிகள் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சலாம் போட்டார்கள், கட்டை மேலே போனது. பூவளைவில் நின்ற பேண்டு வாத்தியக்காரர்களிடம் "வழி விடுங்கடா" என்று குரல் சொன்னது, அவர்கள் வழிவிட்டுத் தலைகுனிந்தார்கள். ரோஜாவில் செய்த மயில்களுக்கும் கார்னேஷனில் செய்த யானைகளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்க, துவைக்கிறவள் மகள் அந்த ஊரைவிட்டு முதலாளி மாதிரிப் போனாள்.

ஆனால் மறித்து நின்ற நேரம் போன நேரம்தான். கடைசி வளைவுகளில் வெக்கை முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது, அமலி நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எம்மோவ்... குளிருது" என்றாள். இழுப்பு அவளுடையது, குரல் ஜெகவீரனுடையது. மரியபுஷ்பம் பிள்ளையை அணைத்த கை ஒரு நொடி தளர்ந்தது, பிறகு இறுகியது. ஆஸ்பத்திரி வாசலில் ஓடிவந்து இறக்கியவர்கள், நாடி பார்த்துவிட்டு, கம்பளியை முகம்வரை இழுத்துவிட்டார்கள். அவள் மகள் கடைசியாக அவளைக் கூப்பிட்டது அந்தக் குரலில்தான், இனி அதை மாற்ற முடியாது.

கீழ்லைன் பெண் ஒன்று மஞ்சள் காமாலையில் இறந்ததாகக் கமிட்டி தெரிவித்தது. கண்காட்சி நல்லபடியாக முடிந்தது, வாடிய மயில்களை ஓடையில் கொட்டினார்கள். தொட்டிகளை யாரும் கவிழ்க்கவில்லை. நாலைந்து நாள் கழித்து லாட்ஜ் மாடியில் ஒரு சின்னப் பெண் அழுகிற சத்தம் கேட்கிறது என்று அறை எடுத்திருந்தவர்கள் புகார் சொன்னார்கள்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தும் அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஜெகவீரன் காய்ச்சலில் கிடந்தார், அவ்வளவு பெரிய உடம்பும், புதர் மீசையும், தங்கச் சங்கிலியுமாக, அந்தத் தொண்டையிலிருந்து அடைத்தாற்போன்ற சன்னக் குரலில், "எம்மோவ்... தண்ணி? எம்மோவ்...?" என்று வந்துகொண்டிருந்தது. வீட்டு ஆட்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். கீழ்லைன் குட்டியின் குரல் வருகிற வாயில் கரண்டி வைக்க ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. கமலவேணி நிலைப்படியில் சாய்ந்து நின்று, "வாயைக் கொப்பளிச்சிட்டுப் பேசச் சொல்லுங்க" என்றாள், சிரிக்காமல்.

செய்தி கீழ்லைனுக்கு வந்தபோது மரியபுஷ்பம் கைகழுவாமல்கூட எழுந்தாள். ஜிப்பைத் திறந்தவள் அதைச் சாத்தாமல் ஏறிப்போனாள். வழியில் சேவுகன் மறித்து, "எங்க புள்ள போற? அந்த ஆளுக்கா போய்ச் செய்யப் போற?" என்றான்.

"எம் பிள்ளை தண்ணி கேக்குதுண்ணே" என்றாள் அவள்.

கமலவேணி கதவைத் திறந்துவிட்டாள். வேர்வையும் வாந்தியும் செண்டும் கலந்த அந்த அறையின் வாடைக்குள் நடந்து, மரியபுஷ்பம் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். ஈர மீசையைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அமலி இருந்தாள். டாக்டர் ஹபீபா வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் இங்கேயே பிழைத்துவிடுவார், கொடுக்காமல் விட்டால் கஷ்டம் என்று சொல்லிவிட்டு, அவளை நேராகப் பார்க்க முடியாமல் போனாள். கொடுக்காமல் விடலாம். அந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் கேட்டது அந்தக் குரல், அதற்கு எப்படி இல்லை என்பாள்? ஊற்றினாள். "எம்மோவ், எனக்குத் தலை சீவிவிடுறியா?" என்றது. அவர் வழுக்கையின் ஓரத்தில் மிச்சமிருந்த நாலு மயிரைச் சீவிவிட்டாள். "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா எம்மோவ்?" என்றது. "இல்லடா, லீவுதான்" என்றாள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த நாங்கள் முகம் சுளித்து, இவளுக்குச் சூடு சொரணை கிடையாதா என்று பேசிக்கொண்டோம்.

காய்ச்சல் இறங்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். ஏறவும் கூடாது, ஏறினால் செத்துவிடுவான், குரல் போய்விடும். இறங்கினால் பிழைத்துவிடுவான், அப்போதும் போய்விடும். அப்படியே, அந்தச் சூட்டிலேயே, அந்தக் கட்டிலிலேயே அவன் காலமெல்லாம் கிடக்க வேண்டும், தான் மூத்திரம் அள்ளிக்கொண்டு காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டாள். கேட்டுக்கொண்டே கஞ்சி ஊற்றினாள். அவள் ஊற்றிய கஞ்சி அவனைத் தேற்றிக்கொண்டே வந்தது.

ஒருநாள் காலை, ஜன்னல் இடுக்கில் வெயில் விழுந்த நேரம், "எம்மோவ், நான் கொஞ்சம் தூங்கட்டா?" என்று கேட்டது. "தூங்கு ராசாத்தி" என்று நெற்றியில் கைவைத்தாள். நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெகவீரன் கண் விழித்தார். நெற்றியில் இருந்த கையைப் பார்த்தார், கையின் வழியே மேலே போய் முகத்தைப் பார்த்தார், உதறித் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"யாருடா இவளை உள்ள விட்டது? த்தூ! இந்த மெத்தை, தலகாணி எல்லாத்தையும் எடுத்துக் கொளுத்துங்க!"

சொந்தக் குரல். அமலி கடைசியாக "எம்மோவ்" என்று கூப்பிட்டாளே, அதே குரல்.

மரியபுஷ்பம் எழுந்து நின்றாள். இந்த முறை முந்தானையைச் செருகவில்லை. அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்பதுபோல. பிறகு நெஞ்சின் அடியிலிருந்து காறி, அந்த வாயிலேயே துப்பினாள். அந்த வீட்டில் இத்தனை வருஷம் சிந்தியதையும் கக்கியதையும் துடைத்தவள் அவள்தான். இதைத் துடைக்க யாராவது வருவார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார், கமலவேணி நிலைப்படியைவிட்டு அசையவில்லை, மரியபுஷ்பம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.